உனக்கு எட்டுப் புள்ளி போட்ட சனிக்கிழமை

போன செவ்வாய்க்கிழமை சமையலறை அலுமாரிக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுக் குனிந்து நிமிர்ந்தேன். கதவின் முனை தலையில் இறங்கியது. பெரிய காயமில்லை. ஆனால் எழுபதைத் தொட்டவன் தலையில் இரத்தம் வந்தால் மனைவி விடமாட்டாள். கிறொய்டன் ஆஸ்பத்திரியில் மூன்று மணிநேரம் காத்திருந்தோம். வந்தவர் மதுரைப் பக்கத்து இளம் டொக்டர்.

"எதுல சார் இடிச்சீங்க? மயக்கம் வந்துச்சா? இடிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க, சொல்லுங்க."

"தேங்காய்ப்பால் டின்னைத் தேடிக்கொண்டிருந்தேன்."

"கிடைச்சுதா?"

"கிடைத்தது."

"அப்ப ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். பத்துக் கேள்வி கேட்டார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், புதுத்துணி மணக்கும் கட்டொன்றைச் சுற்றினார். பிறகு ஒரு தாள் தந்தார். ஒரு நாள் முழுக்க யாராவது கூட இருக்க வேண்டும். வாந்தி, தலைச்சுற்று, மறதி எது வந்தாலும் உடனே திரும்பி வர வேண்டும். "ஃபுட்பால் ஆடுறதா இருந்தா கொஞ்ச நாள் தள்ளி ஆடுங்க சார்" என்றார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுமாரிக் கதவு பட்ட தலைக்கு இத்தனை கேள்வி. உன்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடியவன் நான் ஒருவனாவது இருந்தேன்.

அதனால்தான் இந்த மடல். உனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதுகிறேன் என்பது தெரியும். நீ பேசியது கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்த் தெருக்களின் ஆங்கிலம். பதினைந்து வருடமாக மனதில் திருப்பித் திருப்பிக் கேட்டதில் உன் பேச்சு என் வீட்டுப் பேச்சாக மாறிவிட்டது. உன் மனைவியின் பேச்சையும் சேர்த்து அப்படியே எழுதுகிறேன்.

நான் தெற்கு லண்டன் வார இதழொன்றில் கவுன்சில் கூட்டங்களை எழுதிக்கொண்டிருந்தவன். உதைபந்து நிருபர் வேலையை விட்டுப் போனபோது வேறு யாரும் கைதூக்காததால் அதுவும் என் தலையில் வந்தது. நீ எங்கள் பகுதி உதைபந்துக் கழகத்துக்கு வந்தபோது உனக்கு முப்பது வயது. பதினெட்டு வயதில் பெரிய கழகமொன்று உன்னை வேண்டாமென்று அனுப்பியது. அதன்பின் சின்னக் கழகங்கள் ஆறு, எங்களது ஏழாவது. பின்வரிசையின் நடுவில் நிற்பவன். மூக்கு மூன்று தடவை உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முதல்தரப் பிரிவில் ஒரு நிமிடமும் ஆடாதவன். பந்து உயரத்தில் வந்தால் நெற்றியைக் கொடுப்பதுதான் உன் தொழில். பயிற்சியிலும் அதுதான்; காலை முழுக்க ஒருவர் பந்தை உயர அடிப்பார், நீ தலையால் திருப்பி அனுப்புவாய்.

எங்கள் இதழில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும். வியாழக்கிழமை பேப்பர் வரும்வரை உனக்குப் பொறுக்காது. ஞாயிறு காலை தோர்ண்டன் ஹீத்தில் யோகனின் கடையில் நான் பேப்பர் வாங்கும் நேரம் பார்த்து வருவாய். நீ குடியிருந்தது இரண்டு தெரு தள்ளி. மட்டன் ரோல்ஸ் இரண்டை வாங்கிக் கடித்துக்கொண்டே கேட்பாய்: "அண்ணை, எத்தனை?" அந்த 'அண்ணை'யை யோகனிடமிருந்து பிடித்துக்கொண்டாய். நான் ஐந்து என்பேன், ஆறு என்பேன். நீ சண்டை பிடிப்பாய். யோகன் பாரிஸில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவன், உதைபந்து தெரிந்தவன்; இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றுவான். "விடு தம்பி, இவர் கடவுளுக்கே ஏழுக்கு மேல போடமாட்டார்." நான் ஒரு புள்ளியையும் மாற்றியதில்லை. ஒருநாள் நீ சொன்னாய்: "பின்னுக்கு நிக்கிறவன்ர பேர் பேப்பரில வந்தால் எங்கயோ பிழை நடந்திருக்கு எண்டு அர்த்தம். அதனால எனக்கு அஞ்சு போதும்." சொல்லிவிட்டு அடுத்த கிழமையும் ஆறுக்குச் சண்டை பிடித்தாய்.

2009ஆம் ஆண்டு மார்ச் மாதச் சனிக்கிழமை. கழகம் கீழ்ப்பிரிவுக்கு விழும் நிலையில் இருந்தது. முப்பத்தோராவது நிமிடம் ஒரு கோர்னர் உதை. நீயும் எதிரணி முன்வரிசைக்காரனும் ஒன்றாக எழும்பினீர்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் மேலே என் இருக்கைக்குக் கேட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். நீ முகம் குப்புறக் கிடந்தாய். தண்ணீர் தெளித்தார்கள், கட்டுப் போட்டார்கள். இரத்தம் பட்ட சட்டையைக் கழற்றி, இலக்கமில்லாத வேறொரு சட்டையை மாட்டிவிட்டார்கள். நீ ஓடி உள்ளே வந்ததும் அரங்கம் எழும்பி நின்றது. நானும் எழும்பினேன். நிருபர்கள் எழும்புவதில்லை.

இடைவேளைக்கு விசில் ஊதியதும் நீ எதிரணியின் அறைப் பக்கம் நடந்தாய். உங்கள் கப்டன் முழங்கையில் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனான். பக்கத்து நிருபர்கள் எட்டிப்பார்க்காமல் இருக்க நான் குறிப்புகளைத் தமிழில் எழுதுவேன். அன்றும் எழுதினேன்: "45. அறை மாறி நடந்தான்." இரண்டாம் பாதியில் நீ ஆடியதைப்போல் முன்னும் பின்னும் ஆடியதில்லை. எண்பத்தெட்டாவது நிமிடம் கோலுக்குள் போகவிருந்த பந்தைக் கோட்டின் மேல் நின்று, அதே தலையால், வெளியே தள்ளினாய். இரண்டுக்கு ஒன்று, வென்றோம்.

அடுத்த நாள் ஞாயிறு கடைக்கு வந்தாய். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ரோல்ஸ் வாங்கவில்லை. எத்தனை என்றும் கேட்கவில்லை. யோகன் ரொட்டிப் பெட்டியை இறக்கப் பின்னால் போனதும் மெல்லக் கேட்டாய்.

"அண்ணை, எங்கட ரெண்டாவது கோல் எப்பிடி வந்தது?"

பகிடி, விளையாட்டாகக் கேட்கிறாய் என்று நினைத்தேன். "நீதானே அந்தப் பந்தைக் குடுத்தது" என்றேன்.

"நான் குடுத்தனானா?"

பகிடி இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. கோர்னருக்கு எழும்பியது ஞாபகம் இருக்கிறது என்றாய். அதன்பின் ஞாபகம் இருப்பது வீட்டுக் குளியலறையின் மஞ்சள் ஓடு. நடுவில் ஒன்றுமில்லை.

"டொக்டரிட்டச் சொன்னியா?"

"போறன். நாளைக்குப் போறன். அண்ணை, இதை எழுதாதேங்கோ." என் கையைப் பிடித்தாய். "மே மாதம் கொன்ட்ராக்ட் முடியுது. முப்பத்துநாலு வயசு. மறதி எண்டு ஒரு சொல்லு பேப்பரில வந்தால் ஆர் என்னை எடுப்பினம்? ரெண்டு பிள்ளையள். எனக்கு வேற தொழில் தெரியாது."

நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதைவிட மோசமானதொன்றைச் செய்தேன். செவ்வாய்க்கிழமை மனேஜர் உன்னோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார், என்ன சொல்வது என்று கேட்டாய். நான் குறிப்பேட்டைத் திறந்து, முப்பத்தோராவது நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றாக உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று, உதடு அசைத்துப் பாடமாக்கினாய். அறை மாறி நடந்ததை மட்டும் சொல்லவில்லை. எண்பத்தெட்டாவது நிமிடத்தைச் சொன்னபோது "அப்பிடியோ!" என்று கண் விரித்தாய், யாரோ ஒருவனின் வீரத்தைக் கேட்பவன்போல.

வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தமிழ் வானொலியின் முன்னால் இருந்தாள். அவளுடைய தம்பி போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் இருந்தான். மூன்று கிழமையாக அவனிடமிருந்து ஒரு சேதியுமில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்:

"அவன் டொக்டரிட்டப் போனவனோ?"

"போறன் எண்டவன்."

"போனவனோ எண்டெல்லோ கேட்டனான்."

"நாளைக்குப் போவான்."

"நீங்கள் எழுதினால் கட்டாயம் போவான். எழுதாட்டிப் போகான். உங்களுக்கு இது தெரியாதோ?"

"எழுதினால் அவன்ர பிழைப்புப் போயிடும்."

"எழுதாட்டி எது போகும் எண்டு யோசிச்சனீங்களோ?" என்று கேட்டுவிட்டு வானொலியைத் திரும்பக் கூட்டினாள்.

அந்த மாதங்களில் எங்களில் யாருக்கும் ஊர்ச் செய்தியைத் தவிர வேறெதுவும் செய்தியாகத் தெரியவில்லை என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். திங்கட்கிழமை காலை மேசையில் இருந்தபோது என் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. நான் எழுதிய வரி தமிழில் இப்படி வரும்: "தலையில் கட்டோடு, வலியைப் பொருட்படுத்தாமல், கடைசி விசில்வரை மதிலாக நின்றார்." பக்கத்தில் எட்டு என்று போட்டேன். என் கையால் போட்ட ஒரே எட்டு. இரக்கத்தில் போடவில்லை. உண்மையாகவே அது எட்டுக்குரிய ஆட்டம் என்று நம்பினேன். நினைவில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒருவனைத் துணிச்சல்காரன் என்று எடுத்துக்கொண்டேன். அரங்கம் முழுக்க அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் அரங்கத்துக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை யோகன் அந்தப் பக்கத்தை வெட்டிக் காசுமேசைக்கு மேலே ஒட்டினான். "எட்டோ அண்ணை! உங்களுக்குக் காய்ச்சலோ?" மே மாதம் உனக்கு இன்னொரு வருட ஒப்பந்தம் கிடைத்தது. மனேஜர் அந்த ஆட்டத்தைத்தான் காரணமாகச் சொன்னார். நீ எனக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னாய். டொக்டரிடம் போனாயா என்று அன்று கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு வந்த நாற்பது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒன்றில் கேட்டிருக்கலாம். அந்தக் கடைசி வருடத்தில் இன்னும் இரண்டு தடவை தலையில் அடிபட்டு விழுந்து எழும்பினாய். நான் உனக்கு ஆறும் ஐந்தும் போட்டேன்.

பிறகு நீ பார்க்கிங்குக்குத் திரும்பினாய். பொதி விநியோக வான் வண்டி ஓட்டினாய். நாற்பத்திரண்டு வயதில் வானை எங்கே நிறுத்தினாய் என்று மறந்தாய். நாற்பத்தைந்தில் மகளின் பெயரை. உன் மனைவி சொல்லி உன்னைப் பார்க்க வந்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனால் உதைபந்து என்றதும் முகம் மலர்ந்து பேசத் தொடங்கினாய். சின்ன வயதில் ஆடிய ஆட்டமொன்றைச் சொன்னாய்: சேறு, மழை, சப்பாத்துக்குள் தண்ணீர், அப்பா கோட்டுக்கு வெளியே நின்று கத்தியது. பாதியில் அது அறுந்தது. பிறகு நிமிர்ந்து இருந்து அந்த மார்ச் மாத ஆட்டத்தைச் சொன்னாய். ஒரு நிமிடம் பிசகவில்லை. சேறு இல்லை, மழை இல்லை, வலி இல்லை, யாருடைய குரலும் இல்லை. முப்பத்தோராவது நிமிடம், எண்பத்தெட்டாவது நிமிடம், வலியைப் பொருட்படுத்தாமல், மதிலாக. என் வசனங்கள், நிறுத்தக்குறி தவறாமல்.

"எல்லாம் போகுது, இது மட்டும் போகேல்லை" என்று உன் மனைவி பெருமையோடு சொன்னார். அவர் பின்னால் சுவரில் அந்தப் பக்கம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றும் சொல்லவில்லை.

உன் இறுதிச் சடங்கில் பழைய கப்டன் எழுந்து நின்று ஒரு தாளை வாசித்தான். இரண்டாவது வரியிலேயே என் கட்டுரை என்று தெரிந்துவிட்டது. உன்னை இடைவேளையில் முழங்கை பிடித்துத் திருப்பியவன் அவன்தான். வாசித்து முடித்து என் பக்கம் பார்த்தான். இரண்டு பேரும் கண்ணை எடுத்துக்கொண்டோம்.

தலைக்கட்டோடு வீடு திரும்பிய மூன்றாம் நாள் ரயிலேறி உன் வீட்டுக்குப் போனேன். கடையில் நீ கேட்டதையும் நான் சொல்லிக்கொடுத்ததையும் எழுதாமல் விட்டதையும் உன் மனைவியிடம் வரிசையாகச் சொன்னேன். நீ அவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"அந்த இரவு சும்மா தலையிடி எண்டு எனக்குச் சொன்னவர்" என்றார். பிறகு, "எழுதியிருந்தால் அவர் உங்களோட பிறகு கதைச்சிருக்கமாட்டார்" என்றார்.

"ஓம்."

"நான் கதைச்சிருப்பன். அடுத்த வருசம் அவரை ஆட விட்டிருக்கமாட்டன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். போகும்போது வாசலில் கேட்டார்: "அந்த ஆட்டத்தில உண்மையிலயே நல்லா ஆடினவரோ?" ஓம் என்றேன். அது உண்மை.

மூன்று நாளாக யோசிக்கிறேன். முப்பத்தோராவது நிமிடத்திலிருந்து கடைசி விசில்வரை ஐம்பத்தொன்பது நிமிடம். அவை உனக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. உன்னிடம் இருந்தது என் கட்டுரை. நிமிடங்கள் என்னிடம் இருக்கின்றன: இலக்கமில்லாத சட்டை, நெற்றிக் கட்டில் ஊறிய சிவப்பு, வழி தெரியாமல் திரும்பிய உன் முகம், அந்த முழங்கையைப் பிடித்த கை. உன் வாழ்க்கையின் ஒரு துண்டை உனக்குக் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க ஆளில்லை.