சாவி கொடுக்கும் மண்டபம்

ப்ரூக்ஹாகன்,
12 மே 2013

அன்பு மகள் மைக்கேவுக்கு,

முதலில் என் மானம் போன கதையைக் கேட்டுக்கொள். நேற்று ஒரு பல் டாக்டர் குடும்பத்துக்குப் புது வண்டி ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்று காட்டக் குனிந்தேன். கம்பெனி கொடுத்த சாம்பல் நிறக் கால்சட்டை பின்னால் தையல் விட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கிழிந்தது. டாக்டரின் மனைவி பதறிப்போய், "ஐயோ, வண்டியில ஏதோ விட்டுப்போச்சு!" என்றாள். "இல்லைங்கம்மா, வண்டி நம்ம ஆலை செஞ்சது, விட்டுப்போகாது. கால்சட்டைதான் வெளியூர்ல தைச்சது" என்றேன். அப்புறம் ஷாம்பெயின் தட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றேன். உன் அம்மா தைக்க மறுத்துவிட்டாள். "வயித்தைக் குறை, துணி தானா சேரும்" என்கிறாள். என் ரோஸ்விதாவுக்கு இரக்கம் என்றைக்கு இருந்தது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

டாக்டர் போனதும் ஒரு போலந்துக் குடும்பம் வந்தது. மகள், மருமகன், கூட அம்மா. அம்மாவின் பெயர் ஹலீனா, என் வயதுக்காரி. நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். "வாழ்த்துகள்! சுகப்பிரசவம், வண்டியும் நலம், நீங்களும் நலம்!" நாங்கள் இந்த மண்டபத்தைப் பிரசவ வார்டு என்றுதான் கூப்பிடுவோம், உனக்குத் தெரியுமே. எல்லோரும் சிரிப்பார்கள். ஹலீனாவின் மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஹலீனா கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கக் கேட்க மகள் சொன்னாள்.

"இங்க ரெண்டு வரிசை பைன் மரம் இருந்துதான்னு அம்மா கேக்கறாங்க."

"இருந்துச்சும்மா. மண்டபம் கட்டறப்போ வெட்டிட்டாங்க."

"கால்வாய் அந்த வளைவுக்குப் பின்னாலயா?"

"ஆமா, அங்கதான்."

"அப்போ குழந்தைங்க கொட்டகை இதுதான்னு சொல்றாங்க." ஹலீனா தரையைக் காட்டினார். நம்முடைய வெள்ளைப் பளிங்குத் தரையை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன்: "இங்க முந்தி வெறும் உருளைக்கிழங்கு வயல்தாம்மா."

அவர் கோபப்படவில்லை. யுத்தத்தில் அவருடைய தாயை இங்கே பிடித்துக்கொண்டு வந்தார்களாம். ஆலையில் குண்டுகளுக்கு மூடி திருகும் வேலை. இங்கேயே ஒரு பையன் பிறந்தான், யானெக் என்று பெயர். பால் மறக்காத பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் போட்டுவிட்டு, தாயைத் திரும்ப வேலைக்கு அனுப்பினார்களாம். யுத்தம் முடிந்து தாய் ஊர் திரும்பிய பிறகு பெற்ற பிள்ளைதான் ஹலீனா. அவர் தாய்க்கு நம்முடைய ஜெர்மன் மொழியில் ஐந்தே சொற்கள் தெரியுமாம். சீக்கிரம், வரிசை, ரொட்டி, வாயை மூடு, நாளைக்கு. பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் கிடைத்த பதில் அந்தக் கடைசிச் சொல்.

எனக்கு வாய் முந்திக்கொண்டது. "அப்புறம் எதுக்கு எங்க வண்டியை வாங்கினீங்க?"

மருமகன் தன் ஷூவைப் பார்த்தான். ஹலீனா என்னைப் பார்த்துச் சொல்ல, மகள் மொழிபெயர்த்தாள்: "எங்கம்மா எப்பவும் சொல்லும். அந்த ஊர்க்காரங்க எதைச் செஞ்சாலும் உறுதியா செய்வாங்கன்னு."

பாராட்டா, செருப்படியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ கம்பெனியின் வரலாற்றையும் பெயரையும் பார்த்துக்கொள்கிற இடத்தில் இருக்கிறாய். நான் பத்தாவதோடு ஆலையின் பெயின்ட் ஷாப்புக்குப் போனவன், ஓய்வுக்குப் பிறகு இங்கே சாவி கொடுப்பவன். அந்த அம்மா சொன்னது நிஜமா? அவருடைய முகவரி வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பதில் எழுத வேண்டும்.

முத்தங்களுடன்,
அப்பா

பெர்லின்,
21 மே 2013

அன்புள்ள அப்பா,

கால்சட்டைக் கதையை ஆபீசில் வாசித்துக் காட்டினேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பார்க்கப் போகிறார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த அம்மா சொன்னது நிஜம்தான்.

உங்களிடம் சுற்றி வளைக்க விரும்பவில்லை. மூன்று வருடம் முன்பு கம்பெனியே ஒரு பேராசிரியரை வைத்து ஆராய்ச்சி செய்தது. அதை நான் முழுக்கப் படித்தேன். கொட்டகையில் மூட்டைப்பூச்சி. தண்ணீர் கலந்த பால். ஒரு கட்டிலில் மூன்று நான்கு சிசுக்கள். பிழைத்தவை மிகச் சில. கம்பெனி டாக்டர் வாரம் ஒரு தடவை வந்து, வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போவாராம்.

மறைக்கிறோம் என்று நினைக்காதீர்கள். சொல்வதற்கு ஒரு நேரம் இருக்கிறது. போட்டிக் கம்பெனிகள் காத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தலைப்புச் செய்தி வந்தால் எழுபத்தைந்து வருடப் பெயரும் போய்விடும். அந்தப் பெயரில்தான் ப்ரூக்ஹாகன் முழுக்கச் சோறு தின்கிறது. அதனால் படிப்படியாகப் போகிறோம். எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கான புதிய வரலாற்றுப் பலகையில் முதல் தடவையாக ஒரு வரி வருகிறது. அதற்கே நான் எத்தனை மேஜைகளைச் சுற்றினேன் தெரியுமா?

இப்போது நல்ல செய்தி. செப்டம்பரில் உங்கள் மண்டபத்திலேயே நடக்கும் அந்த விழாவில் பழைய தொழிலாளர்கள் சார்பில் நீங்கள் பேச வேண்டும் என்று நான் சொன்னேன், மேலே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒரு பக்கம்தான், கூடவே வைத்திருக்கிறேன். கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இந்த விழா நல்லபடி முடிந்தால் துறைத் தலைமை எனக்கு என்று பேச்சு இருக்கிறது. அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

ஹலீனா அம்மாவுக்கு நீங்களாக எதுவும் எழுத வேண்டாம். எங்கள் பிரிவிலிருந்து முறைப்படி பதில் போகும்.

உங்கள் செல்ல மகள்,
மைக்கே

ப்ரூக்ஹாகன்,
2 ஜூன் 2013

அன்பு மகளுக்கு,

நீ கொடுத்த பக்கத்தைச் சமையலறையில் உரக்கப் படித்தேன். நம்முடைய முதல் வண்டி, மழையில் காத்து நின்ற கூட்டம், பத்து லட்சமாவது வண்டிக்குப் பூசிய தங்க வர்ணம், எல்லாம் அழகாக இருக்கிறது. நடுவில் அந்த ஒரு வரி வந்தது. "கடினமான அந்த ஆண்டுகளில் வெளிநாட்டுப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கென ஒரு பராமரிப்பு இல்லமும் செயல்பட்டது."

உன் அம்மா உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். "பராமரிப்பு இல்லமா? பரவாயில்லையே, அந்தக் காலத்திலேயே நல்லது பண்ணியிருக்காங்களே" என்றாள். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். "அந்தப் பக்கத்தை என் மேஜையிலேருந்து எடுங்க" என்றாள்.

மைக்கே, எனக்குக் குமட்டுகிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே குமட்டுகிறது. புது வண்டிக்குள் ஒரு வாசனை வருமே, உனக்குச் சின்ன வயதில் பிடிக்கும், கதவைத் திறந்ததும் மூக்கை நீட்டுவாய். வியாழக்கிழமை அந்த வாசனை பட்டதும் கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்தால் ஒரு புதுமணத் தம்பதி, சாவி வாங்கியதும் அடிக்கிற மணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட வேலை பார்க்கிற ஊவே என் காதில், "பிரசவ வார்டுல அடுத்தது நீதான், போய்த் தொப்புள்கொடியை அறு" என்றான். என் நகைச்சுவைதான் அது. நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவனை அறைய வேண்டும் போல இருந்தது, அறையவேண்டிய கன்னம் என்னுடையதாக இருந்தும்.

தரைக்கு அடியில் சூடாக்கும் குழாய் பதித்திருக்கிறார்கள், வாடிக்கையாளர் காலுக்குக் குளிரக் கூடாதாம். அங்கே முன்பு என்ன இருந்தது என்று தெரிந்த பிறகு அந்தத் தரையில் எப்படி நிற்பது, நீயே சொல்.

இந்த ஊரில் வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவனை நாம் மனிதனாகவே மதித்ததில்லை. உன் மாமா பிரெஞ்சு வண்டியில் வந்தபோது, கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னேன், அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூடாது என்று. என்ன பெருமை! வருடா வருடம் ஊழியர் விலையில் புது வண்டி எடுத்து, துடைத்துத் துடைத்து ஓட்டி, மறு வருடம் விற்று, வண்டியின் பெயரையே என் குலப்பெயர் மாதிரி சொல்லிக்கொண்டேன். இப்போது வேலைக்கு சைக்கிளில் போகிறேன். மூச்சு வாங்குகிறது. தபால்காரர் என்னை முந்திக்கொண்டு போகிறார்.

உன்னிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. பராமரிப்பு இல்லம் என்கிற சொல்லை எடுத்துவிடு. குழந்தைகள் செத்தார்கள் என்று எழுது. நம் மண்டபம் நிற்கும் இடத்தில் என்று எழுது. யாரோ பெரிய படிப்புப் படித்த துரை அந்த வரியை எழுதியிருப்பார். அவரிடம் உன் அப்பா கேட்டதாகச் சொல். பெயின்ட் மேஸ்திரிக்கு ஒன்று தெரியும். துருவைச் சுரண்டாமல் மேலே வர்ணம் அடித்தால் அது உள்ளேயே தின்னும்.

அன்புடன்,
அப்பா

பெர்லின்,
9 ஜூன் 2013

அப்பா,

அந்தத் துரை நான்தான்.

அந்த வரியை எழுதியது நான். நான் எழுதிய முதல் வரைவில் "இறந்தார்கள்" என்று இருந்தது. வக்கீல்கள் எடுத்தார்கள். "கொட்டகை" என்று போட்டேன், அதையும் எடுத்தார்கள். கடைசியில் யாரும் ஆட்சேபிக்காத சொல்லைக் கண்டுபிடித்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த வரி இல்லை என்றால் வரலாற்றுப் பலகையில் அந்த ஆண்டுகளே இருந்திருக்காது. ஒன்றுமில்லாததைவிட இது மேல் இல்லையா?

நம் வீடு, என் படிப்பு, அம்மாவின் இடுப்பு ஆபரேஷன், எல்லாம் அந்த ஆலை கொடுத்தது. நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! இன்றைக்குத் திடீரென்று குமட்டினால் நான் என்ன செய்வது? எனக்கு மூன்று வருடமாகக் குமட்டுகிறது, யாருக்கும் எழுதவில்லை.

பேச விருப்பமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டால் எழுதியபடி படியுங்கள். இரண்டு நிமிடம்தான் அப்பா. எனக்காக.

மைக்கே

ப்ரூக்ஹாகன்,
15 செப்டம்பர் 2013

அன்பு மகள் மைக்கேவுக்கு,

நேற்று விழா முடிந்ததும் நீ என்னிடம் வராமல் பெர்லினுக்குக் கிளம்பிவிட்டாய். குற்றம் சொல்லவில்லை. உன் அம்மா பிளம்ஸ் கேக் செய்து வைத்திருந்தாள், பாதியை ஊவேக்குக் கொடுத்துவிட்டோம்.

நீ மேடைக்குப் பக்கவாட்டில் நின்றதால் எல்லாவற்றையும் பார்த்திருக்க மாட்டாய். உனக்காகப் படிக்கிறேன் என்று அப்போதே பதில் எழுதினேன், படிக்கத்தான் ஏறினேன். இதை நீ நம்ப வேண்டும். கண்ணாடி இருந்தது, காகிதம் இருந்தது, உன் அம்மா இஸ்திரி போட்ட கோட்டு இருந்தது. முதல் வண்டி வரை நன்றாகத்தான் போனது. தங்க வர்ணத்துக்குக் கைதட்டினார்கள். அப்புறம் அந்த வரி வந்தது. மூன்றாவது வரிசையில் ஹலீனா உட்கார்ந்திருந்தார். ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். உங்கள் பிரிவிலிருந்து அவருக்குப் போன முறைப்படியான பதிலில், அவருடைய அக்கறைக்கு நன்றி என்று இருந்ததாம். அக்கறைக்கு!

"பராமரிப்பு" வரைக்கும் வாயில் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. சாப்பாட்டில் முடி அகப்பட்டது போல நாக்கு தானாக வெளியே தள்ளியது. காகிதத்தை மடித்துவிட்டுச் சொன்னேன்: "இந்த மண்டபத்துக்கு அடியில ஒரு கொட்டகை இருந்துச்சு. தாய்கிட்டேருந்து பிள்ளைங்களைப் பறிச்சு அதுல போட்டாங்க. அதுங்க பசியில செத்துச்சுங்க. அதுல ஒருத்தன் பேரு யானெக். அவன் தங்கச்சி இங்க உக்காந்திருக்காங்க. நான் அந்த இடத்துல நின்னு ஜோக் அடிச்சுக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான். நீ பயந்த மாதிரி நீளமான பிரசங்கம் இல்லை. யாரும் கைதட்டவில்லை, யாரும் கத்தவும் இல்லை. ஆலை வாத்தியக்குழுத் தலைவர் நான் முடித்துவிட்டேன் என்று நினைத்துக் கையை உயர்த்தினார். மொத்தப் பித்தளை வாத்தியமும் உற்சாகமாக முழங்க ஆரம்பித்தது. பரிசாரகர்கள் தட்டுகளோடு உள்ளே வந்தார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் கிளாஸை எடுத்தார்கள், மைக்கே. எடுத்துக் குடித்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க, சகஜம்தான்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோட்டைக் கழற்றி வெளியே தொங்கவிட்டேன்.

உன் பதவி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. கெடுத்துவிட்டேன் என்றால் அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்குக் கேட்க மாட்டேன். மண்டப வேலையை விட்டுவிட்டேன், அந்தச் சாம்பல் கால்சட்டையோடு.

கூட்டம் கலைந்த பிறகு ஹலீனா என்னிடம் வந்தார். மகள் வழியாகப் பேசினார். எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க மனமில்லாமல் கால்வாய்ப் பக்கம் நடந்தோம். அங்கே ஒரு கல்லை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம் என் பேச்சு எழுதிய காகிதத்தைக் கேட்டு வாங்கினார். மகள் அந்த வரியை மொழிபெயர்த்தாள். அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்காங்க. படிச்ச கை. யாரு எழுதினது?" என்றார்.

"ஆபீஸ்ல யாரோம்மா" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

கால்வாயில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அது வளைவைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

என் மகள் என்று நான் சொல்லவில்லை.

அப்பா