பிலோமினாவுக்கு ஓர் அழைப்பு

நெய்வேலி,
மே 1989

பிலோமினா,

உன் கடிதம் வந்தது. நம் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணத்தில், பதக்கம் வாங்கிய வீரனின் மனைவியாக என் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறாய்.

எங்கள் படைப்பிரிவுக்குக் குதிரைப்படை என்று பெயரே தவிர நாங்கள் ஓட்டியது டாங்கி. எழுபத்தொன்றாம் வருஷப் போரில் அது தீப்பிடித்தபோது, உள்ளே மாட்டிக்கொண்ட இருவரை வெளியே இழுத்துப் போட்டேன். பதக்கம் கிடைத்தது. முகம் வெந்துபோனது.

பூனா ராணுவ ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று நீ ஒரே ஒரு தடவை பார்த்தாய். "இந்த மூஞ்சிய பாத்துகினு என்னால குடும்பம் நடத்த முடியாது அண்ணி" என்று துணைக்கு வந்திருந்த என் அக்காவிடம் சொல்லிவிட்டு, பால்குடி மறக்காத குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாய்.

அந்தக் குழந்தை இந்த முகத்தைத் தடவிக்கொண்டுதான் தூங்கியது. மைன்ஸ் கேட்டில் காவல் வேலை முடிந்து வந்தால், ஓடி வந்து கன்னத்தோடு கன்னம் வைக்கும்.

ஐந்து வயதில், "எங்கம்மா எங்கேப்பா?" என்று கேட்டாள்.

"செத்துட்டாம்மா" என்றேன்.

அக்கா அழுதாள். நான் அழவில்லை. அன்றிலிருந்து ஸ்டெல்லா வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் உன் ஆத்துமாவுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறாள். பக்கத்தில் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு குளிரும்.

தாராளமாக வா. கல்யாணத்துக்கு முந்தின நாளே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடு. கதவைத் திறப்பவள் அவளாகத்தான் இருப்பாள். "நீங்க யாருங்க?" என்று கேட்பாள். பதிலை நீயே சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா