நீ கைதூக்கி வரவழைத்த பார்க்

போன ஞாயிற்றுக்கிழமை பார்க் வாசலில் நின்றிருந்தேன். வாட்டிய வாழையிலை மணம் வந்தது. இலைக்குள் சூடு சோறும் தேங்காய்த் துவையலும் சேர்ந்து புழுங்கிய மணம். நம் கடைப் பொதிச்சோறு எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தால் குப்பைத்தொட்டி. அதற்குள் நம் பொதி நூல்கூட அவிழ்க்காமல் கிடக்கிறது. முதலில் கோபம் வந்தது பார்க் கம்பெனிக்காரன்மேல் இல்லை, உன்மேல்தான். செத்தவளை ஏசக்கூடாது என்பார்கள். நான் ஏசத்தான் போகிறேன். இருந்தவரை நீ என்னை எங்கே பேசவிட்டாய்? இப்போது கேட்டுக்கொண்டு கிட.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலையாளம் பேசுகிற இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டு பேர் நாம். வித்துரா போகிற சாலையில் ஓலைக் கூரை போட்டு, ஆளுக்கொரு அடுப்பு பிடித்துக் கடை தொடங்கினோம். பொன்முடி மலைக்கு ஏறுகிற வண்டியெல்லாம் நம் வாசலில் நிற்கும். மேலே போய்ச் சாப்பிடப் பொதி வாங்கிக்கொள்வார்கள். நீ ஒவ்வொரு பொதியிலும் ஒரு பிடி சோறு கூட வைப்பாய். "அரிசி என்ன ஆத்துலயா வருது?" என்று நான் கத்துவேன். "எட்டி, வழியில ஒருத்தன் பசியோட எதிர்ல வந்தா அவனுக்கு என்னத்தைக் குடுப்பாவ? பேசாம இலையை வாட்டு" என்பாய். அந்த ஒரு பிடிக்காகவே நம்மைத் தேடி வந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகுதான் பக்கத்து ரப்பர் தோட்டம் கைமாறியது. பெரிய பார்க் வரப்போகிறது, ராட்டினமும் செயற்கை அருவியும் அலையடிக்கிற குளமும் வரும் என்றார்கள். பஞ்சாயத்து ஹாலில் கூட்டம் போட்டார்கள். தண்ணீர் என்ன ஆகும் என்று சிலர் எழுந்து கேட்டார்கள். ஊர் ரெண்டுங்கெட்டானாக உட்கார்ந்திருந்தது. நீதான் எழுந்தாய். "எம்மவன் துபாய்ல கெடக்கான். வருசத்துக்கு ஒருக்கா பெட்டியத் தூக்கிட்டு விருந்தாளி மாதிரி வருகான். மத்த பிள்ளைகளாவது இங்கேயே வேலை பாக்கட்டும். வரட்டும்!" என்று கையைத் தூக்கினாய். ஊரில் பாதிப்பேர் உன் கையில் சோறு தின்றவர்கள். உன் கையைப் பார்த்து அவர்கள் கையும் எழுந்தது. என் கையும்தான்.

கட்டுமானம் நடந்த காலமெல்லாம் கம்பெனி எஞ்சினியர் நம் கடையில்தான் சாப்பிட்டான். அம்மே, அம்மே என்று உன் பின்னாலேயே சுற்றுவான். "பார்க் திறந்தா உள்ளே முதல் கடை அம்மைக்குத்தான்" என்றான். உனக்கு நிலைகொள்ளவில்லை. அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், ஒரு பேப்பரில் எழுதி வாங்கு என்று. நீ என்னைப் பார்த்த பார்வை! "நம்ம உப்பைத் தின்னுகிட்டு இருக்கப்பட்ட பிள்ளைகிட்ட போய், கையெழுத்துப் போடுன்னு நீட்டவா? நாணக்கேடு! நம்ம ஆளுவ யாராவது அப்படிச் செய்வாளாட்டி?" செய்யமாட்டார்கள்தான். சோறு போட்ட இடத்தில் காகிதம் நீட்டக்கூடாது என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? அந்தக் கம்பெனியை யாரும் அப்படி வளர்க்கவில்லை.

திறந்தார்கள். வாக்குக் கொடுத்த எஞ்சினியர் அதற்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தான். அது தெரியாமல் நீ திறப்பு விழாவன்று அவனுக்கென்று பொதி கட்டிக்கொண்டு போனாய். வாசலில் நிறுத்தி, வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். வெயிலில் வேர்த்து வந்து உட்கார்ந்தவள் என்ன சொன்னாய்? "புதுப் பிள்ளைகளாக்கும். அவியளுக்கு ஆளு தெரியாதுல்லா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுக் கரண்டியைத் தூக்கி எறிந்தேன். நீ அதை எடுத்துக் கழுவி வைத்தாய். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்றாய். மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டாய். உன் மகன் பெட்டியோடு வந்தான், பெட்டியோடு போனான்.

பொய் சொல்லக்கூடாது, நல்லதும் வந்தது. முன்பெல்லாம் பஸ்ஸுக்குக் காத்து நின்று கால் கடுக்கும். இப்போது தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே பஸ் வருகிறது. ஆட்டோக்காரர்களுக்குச் சவாரி ஓயவில்லை. மாடி வீடு வைத்திருப்பவன் மாடியை லாட்ஜ் ஆக்கிவிட்டான். உன் மகள் சுஜாவுக்கு வேலை கிடைத்தது. கான்ட்ராக்ட் வேலைதான், ஆனாலும் மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வருகிறது. புருஷன் விட்டுப்போன பிள்ளை, அந்தச் சம்பளத்தில்தான் தன் மகளைப் படிக்கவைக்கிறாள்.

இன்னொரு பக்கத்தையும் கேள். பார்க்குக்கென்று வெட்டிய புதுச் சாலை நம் கடையைச் சுற்றிக்கொண்டு போகிறது. வண்டிக்காரன் கண்ணில் நாம் படுவதே இல்லை. நிலத்தின் விலை ஏறியது என்று விற்றவன் சிரிக்கிறான். வாடகை ஏறியது என்று குடியிருக்கிறவன் அழுகிறான். சித்திரையில்கூடக் குடம் முங்குகிற நம் கிணற்றில் இந்த மாசியிலேயே வாளி தரையில் இடிக்கிறது. நமக்கு டேங்கர் லாரி. அங்கே பகலெல்லாம் அருவி கொட்டுகிறது, அதன் அடியில் நின்று ஆட்டம் போடுகிறார்கள். வருகிற கூட்டம் உள்ளேயே வாங்கி உள்ளேயே தின்றுவிட்டு ராத்திரி ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது. ஊருக்கு வரும் என்று நீ சொன்ன காசு ஊர் வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கதைக்கு வருகிறேன். சுஜா மருந்தை மறந்துவிட்டுப் போனாள் என்று கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வாசலுக்குப் போனேன். அவள் வேலை டிக்கெட் கொடுப்பது என்றுதான் இதுவரை என்னிடம் சொல்லிவைத்திருந்தாள். இல்லை. வருகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது அவள் வேலை. எனக்கு முன்னால் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. காலையில் வழி தப்பி வந்து நம் கடையில் பொதி வாங்கியவர்கள்தான். "சின்னப் பிள்ளைக்கும்மா, உள்ள விக்கிறது அதுக்கு ஒத்துக்காது" என்று அந்தத் தாய் கெஞ்சுகிறாள். "பாலிசியாக்கும் சேச்சி, நான் என்ன செய்ய?" என்று சொல்லிக்கொண்டே உன் மகள் பொதியை எடுத்துத் தொட்டியில் போட்டாள். நீ சொல்லிக்கொடுத்தபடி அவளே விடியற்காலையில் கட்டிய பொதி. நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். மருந்தை நீட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். "ஏசுங்க சித்தி. வாயத் திறந்து நல்லா ஏசுங்க" என்றாள். எங்கே ஏசுவது? சோற்றைக் குப்பையில் போடாதே என்று நான் சொன்னால் அவள் அடுப்பில் உலை கொதிக்காது. உன் பேத்தி பள்ளிக்கூடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அதே பஞ்சாயத்து ஹாலில் மறுபடி கூட்டம். இரண்டாம் கட்டமாம். பெரிய ஹோட்டல் வருமாம், இன்னொரு குளமும் வருமாம். வேலை, வளர்ச்சி, சுற்றுலா என்று கம்பெனி ஆள் நன்றாகத்தான் பேசினான். "சம்மதம் உள்ளவங்க கை தூக்கலாம்" என்றார் அதிகாரி. ஹால் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. உன்னைப் பார்த்துப் பழகின கண்கள். பின்வரிசையில் சுஜா, ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நின்றாள்.

முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "வேண்டாம்னு சொல்ல வரல்லை சார். பிள்ளைக்குக் கொண்டுபோற சோத்தை உள்ளே விடணும். வாசல்ல ஊர்க்காரங்க கடை போட இடம் வேணும். எங்க கிணறு வத்தினா தண்ணிக்கு நீங்க பொறுப்பு. இதை எழுதித் தந்தா கை தூக்குகேன்" என்றேன். "அதுக்கென்னம்மா, நாங்க வாக்குத் தர்றோம்" என்று சிரித்தான் கம்பெனி ஆள். "வாக்கு எங்ககிட்ட பழசே ஒண்ணு இருக்கு சார், செலவாகாம" என்றேன். ஹால் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த யூனிஃபார்மைப் பார்த்தான். ஒரு கைகூட எழவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று அதிகாரி முடித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், "மக்களே, உன் வேலைக்கு நான் உலை வச்சிட்டேனா?" அவள் சொன்னாள்: "எனக்கு இந்த வேலை வேணும் சித்தி. நாளைக்கும் பையைத் திறப்பேன், பொதி இருந்தா எடுத்துப் போடத்தான் செய்வேன். நீங்க கேக்குறதை மட்டும் நிறுத்தாண்டாம்."

இன்று காலை அவள் வேலைக்குப் போயிருக்கிறாள். இன்னும் எத்தனை நாள் விடுவார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த கூட்டத்துக்கு ஆட்டோக்காரர்களும் என்னோடு சேர்ந்து கேட்க வருவதாகச் சொன்னார்கள். என் கோபம் தணியட்டும் என்று நீ அங்கே இருந்துகொண்டு எந்தச் சாமியிடமும் வேண்டிவைக்காதே. நீ விட்டுப்போனதில் எனக்கு உதவுவது அந்தக் கோபம் ஒன்றுதான். அது இல்லாவிட்டால் அந்த ஹாலில் என் கால் நிற்காது.