உனக்காக அப்பா பழக்கிய பூட்ஸ்

ஹாமில்டன், மொன்டானா
செப்டம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள இங்கிரிட்,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த வரியில் பாதியைத்தான் எழுத முடியும். நான் நலம். அப்பாவுக்கு இடது கால் முறிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில்தான் இருக்கிறார், பயப்படாதே. இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். போன வாரம் நீ போனில் பேசியபோது அப்பாவின் குரல் ஏன் இழுக்கிறது என்று கேட்டாய், விறகு அடுக்கிய களைப்பு என்றார், அது வலி மாத்திரை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கும் உன் வெர்ன் பெரியப்பாவுக்கும் உத்தரவு. "அவளுக்குத் துணிமணி பத்தி மட்டும் எழுது கிர்ஸ், கால் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம், தெரிஞ்சா டிக்கெட்டை ரத்து பண்ணிடுவா" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாதியில் போனை வாங்கிவிடுகிறார். அதனால்தான் கடிதம். தபாலில் சேர்த்துவிட்டு வந்து எழுதிவிட்டேன் என்று அவரிடமே சொல்லிவிடுவேன், ஒளித்து வைக்க எனக்கு வராது.

எப்படி நடந்தது என்று கேட்பாய். குலுக்கலில் உனக்கு எல்க் மான் வேட்டை அனுமதி விழுந்தது என்று தெரிந்த வாரமே அவர் மிஸூலாவுக்குப் போய் உனக்கு மலை பூட்ஸ் வாங்கி வந்தார், உன்னிடம் சொல்லாமல். கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீ விட்டுப்போன ரப்பர் பூட்ஸில் தன் காலை விட்டுப் பார்த்து, நீளம் ஒன்றுதான் என்று கண்டுபிடித்திருக்கிறார். பள்ளியில் படிக்கும்போது அப்பா கால் எனக்கு ஏன் வந்தது என்று நீ அழுவாயே, அந்தக் கால்தான். தடித்த தோல், கட்டை மாதிரி அடிப்பாகம், பெண்கள் அளவு. புது பூட்ஸோடு வேட்டையின் முதல் நாள் மலை ஏறுகிறவன் மூன்றாம் நாள் வெறும் சாக்ஸோடு கூடாரத்தில் கிடப்பான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நீயோ டாம்பாவில் இருக்கிறாய், அங்கே பாலத்தைவிட உயரமாக ஒன்றும் கிடையாது, நீ எங்கே போய்ப் பழக்குவாய், அதனால் தானே பழக்கித் தருகிறேன் என்று கிளம்பினார். பூட்ஸ் போடுகிறவர் காலுக்குத்தான் படியும், அடுத்தவர் காலுக்குப் படியாது என்று சொன்னேன். "தோல் தோல்தான், கொஞ்சம் இளகினா போதும்" என்றார். ஜூலையிலிருந்து தீவனக் கடைக்கும் அதுதான், கூரை ஏறவும் அதுதான். காபிக் கடையில் வெர்ன் எல்லோர் முன்னாலும், "ஏண்டா ராய்ஸு, பொம்பளை பூட்ஸ் உனக்கு ஜம்முனு இருக்கே, பொருத்தமா ஒரு கைப்பையும் வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "வாங்கிக் குடுண்ணே, உன் பல் செட்டைக் கழட்டி வெக்க ஒரு எடம் வேணும்ல" என்று இவர் சொல்ல, பரிமாறுகிற பெண் காபியைக் கொட்டிவிட்டாளாம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் மூன்று தடவை சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நானும் மேற்கொண்டு வாதாடவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில், சுமையோடு நடந்தால்தான் தோல் சரியாக இளகும் என்று மாடு நக்குகிற உப்புக்கட்டிகளை முதுகுப் பையில் ஏற்றிக்கொண்டு ஓடைப் பாதையில் மேலே போனார். நீளம்தான் ஒன்று, அகலம் ஒன்றில்லை. இறங்கும்போது விரல் நெரிந்திருக்கிறது, பூட்ஸ் கயிற்றைத் தளர்த்திவிட்டார், ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் ஈர மரத்தில் குதிகால் உள்ளே வழுக்கி, கால் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்க உடம்பு மட்டும் சுமையோடு திரும்பிவிட்டது. முறிந்தது முழங்காலுக்குச் சற்றுக் கீழே. குதிரையில் வந்த ஒரு தம்பதி பார்த்துச் சொல்லி அனுப்பினார்கள். மருத்துவமனையில் கால் வீங்கி பூட்ஸ் கழலவில்லை, நர்ஸ் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். அதுவரை ஒரு முனகல்கூட இல்லாமல் கிடந்தவர், "அறுக்காதம்மா, அறுக்காத, அது என் மக பூட்ஸ், அக்டோபர்ல அவ போடணும்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அறுங்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சேணம் தைக்கும் கடையில் அதைக் காட்டினேன், தைத்துவிடலாம், ஆனால் தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும் என்றார்கள். அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். வசந்தத்தில் நன்றாக நடப்பார் என்கிறார் டாக்டர், ஆனால் எல்க் இறைச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்குவதை இனி மறந்துவிடச் சொன்னார். "கோவேறு கழுதை ஒண்ணு வெச்சுக்கிட்டா?" என்று அப்பா கேட்டார். "இறைச்சியைக் கழுதை சுமக்கும் ராய்ஸ், உன்னை யார் சுமக்குறது?" என்றார் டாக்டர், அவரும் வேட்டைக்காரர்தான், அதனால் அந்த உரிமை. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருடம் உனக்குப் பரீட்சை, அடுத்த வருடம் புது வேலை, அதற்கடுத்த வருடம் தோழியின் திருமணம், ஒவ்வொரு முறையும் அடுத்த இலையுதிர்காலம் என்றாய், அவரும் அதனால் என்ன, மலை எங்கே ஓடிவிடப் போகிறது என்றார். உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். பனி எவ்வளவு விழும், ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணிப்பதுதான் என் வேலை, எந்தக் கணிப்பையும் நான் லேசில் நம்புவதில்லை, இந்த ஒன்றை மட்டும் ஏனோ சந்தேகிக்கவே தோன்றவில்லை. காட்டுக்கோழி சுட உன்னைச் சின்ன வயதில் கீழ்ப் புல்வெளிவரை கூட்டிப் போனதோடு சரி. மேல் முகட்டில் ஒரு விடியற்காலை உன்னோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அது இனி நடக்காது. வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் அதுதான் வருகிறது.

துணி விஷயம். அவர் நாற்காலியிலிருந்து சொன்னதும் நான் அறிந்ததும் கலந்துதான் எழுதுகிறேன். ஜீன்ஸ் எடுத்து வராதே, பருத்தியே வேண்டாம், உள்ளாடைகூட. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், அக்டோபர் கடைசியில் அந்த முகட்டில் அது விளையாட்டில்லை. தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதற்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை, அவ்வளவோடு ஏற வேண்டும், கிளம்பும்போது கொஞ்சம் குளிரத்தான் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறி, வியர்த்து, மேலே போய் அசையாமல் உட்கார்ந்ததும் நடுங்க ஆரம்பிப்பார்கள். இறகு அடைத்த தடித்த ஜாக்கெட் பையில் இருக்கட்டும், உட்கார்ந்த பிறகு போடு, ஈரமான சாக்ஸையும் அப்போதே மாற்று. மேல் துணியை வாங்குமுன் அதன் கை இரண்டையும் உரசிப் பார், சரசரவென்று சத்தம் வந்தால் வைத்துவிடு, புதருக்குள் போகும்போது எல்லா எல்க்கும் உனக்கு முன்னால் கிளம்பிவிடும். இலை தழை அச்சிட்ட விலையுயர்ந்த உடைகளைப் பற்றி விளம்பரத்தில் சொல்வதில் பாதியை நம்பாதே, மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் பட, மேலே ஆரஞ்சு மேலங்கி எப்படியும் சட்டப்படி போட்டாக வேண்டும், எல்க்கோ கண்ணைவிட மூக்கைத்தான் நம்பும். "எல்க் என்ன கம்பெனி பேரைப் படிச்சுப் பாத்துட்டா நிக்குது?" என்பார் உன் பெரியப்பா. ஆகவே வாசனை சோப்பில் எதையும் துவைக்காதே. பூட்ஸை நீயே வாங்கு, இந்த வாரமே. ஒரு மாதம்தான் இருக்கிறது, முழுத்தோல் அதற்குள் இளகாது, பாதி தோலும் பாதி துணியுமாக, கணுக்காலைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி பார். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது மலையில் போடப்போகும் அதே கம்பளி சாக்ஸோடு போட்டுப் பார். சரிவில் இறங்கிப் பார், விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது, ஏறும்போது குதிகால் தூக்கக் கூடாது. எத்தனை டிகிரி குளிர் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நான் நம்ப மாட்டேன், அந்த எண்ணை அளந்தபோது யார் கால் உள்ளே இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. அங்கே மலை இல்லாவிட்டால் கார் நிறுத்தும் அடுக்குக் கட்டடத்தின் படியில், முதுகில் தண்ணீர்க் கேன்களோடு தினமும் ஏறி இறங்கு. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

உன்னை எனக்குத் தெரியும், இதைப் படித்ததும் உனக்கு இரண்டில் ஒன்று தோன்றும். ஒன்று, வராமல் இருந்துவிடுவது. இன்னொன்று, வந்து மலைக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சீட்டு விளையாடுவது. இரண்டாவதுதான் மோசம். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு, தன்னால் நீயும் கீழே இருக்கிறாய் என்று நீ இங்கே இருக்கும் ஐந்து நாளும் நினைத்துக்கொண்டிருப்பார். வெர்ன் உன்னைக் கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறார், வேகமாக நடப்பார், ஓயாமல் பேசுவார், ஆனால் மலையில் அவரை நம்பலாம். பாதை தொடங்கும் இடத்தில் வண்டிக்குள் இருக்கிறேன் என்கிறார் அப்பா, நான் ஓட்டிக்கொண்டு போவேன், ஒரு கம்பளியும் பிளாஸ்கும் போதும், வேண்டாம் என்று நீ சொல்லாதே. வருவதானால் மேலே போ. எல்க் கிடைக்கிறதோ இல்லையோ, இறங்கி வந்ததும் அவர் கேட்கிற எல்லாவற்றுக்கும் உள்ளபடி பதில் சொல், பயந்த இடத்தில் பயந்தேன் என்று சொல், அருமையாக இருந்திருந்தால் அதையும் அவருக்கு வலிக்குமே என்று குறைக்காதே. குறைத்தால் கண்டுபிடித்துவிடுவார். இது உன்னால் முடியாது என்றால் அதிலும் எனக்குக் கோபமில்லை, ஆனால் இப்போதே சொல்லிவிடு, அக்டோபர்வரை அவரைக் காத்திருக்க வைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. நான் அதிகம் ஜெபிக்கிறவள் இல்லை, அது உனக்குத் தெரியும், இருந்தாலும் நீ எங்கே நடந்தாலும் முழுசாகத் திரும்பி வர வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள். ஒன்றே ஒன்று. போன் செய்யும்போது எடுத்தவுடன் காலைப் பற்றிக் கேட்காதே. வருகிறாயானால், வருகிறேன் என்பதை முதலில் சொல். கால் அதற்குப் பிறகு.

அன்புடன்,
அம்மா