அண்ணி பேசினால் இறங்கும் கஞ்சி

மண்டி மொஹல்லா, மைசூரு
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

மரியாதைக்குரிய செலின் அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி ஜூலி எழுதுவது. மஸ்கட்டில் நீங்கள் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போன்தான் எந்நேரமும் உங்கள் தம்பி கையில் இருக்கிறதே! அதனால் லீவுக்கு வந்திருக்கும் பக்கத்து வீட்டு சில்வியா மஸ்கட்டுக்குத் திரும்பும்போது இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அல்புமின் மறுபடி இறங்கிவிட்டது. நீங்கள் நர்ஸ், உங்களுக்குத் தெரியாததில்லை. உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்தப் புரதம் குறைந்தால் ஆபரேஷனைத் தாங்குவதும் கஷ்டம், அப்புறம் தேறுவதும் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அடுத்த பரிசோதனையில் ஏறாவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகுமாம். கட்டி அதுவரை சும்மா இருக்குமா அண்ணி? சாப்பாடு மட்டும் காரணமில்லை, நோயே இந்தப் புரதத்தை இறக்கும் என்றும் சொன்னார். சொல்லட்டும். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருக்கிறது.

ராகிக் கஞ்சி காய்ச்சி வடிகட்டிக் கொடுக்கிறேன். மீன் சாறு, முட்டை வெள்ளை, பருப்புத் தண்ணீர், எதைக் கொண்டுபோனாலும் இரண்டு வாய், போதும் ஜூலி, இறங்கலை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த நேரம் பார்த்து உங்கள் போன் வந்தால் போதும். டேய் கொர்னி, குடிச்சியாடா என்று நீங்கள் ஒரு அதட்டல். சிரித்துக்கொண்டே, சின்ன வயசுக் கதை பேசிக்கொண்டே, தம்ளர் காலி! காய்ச்சினவள் நான், பெயர் உங்களுக்கு.

எனக்கு வயிறு எரிகிறது அண்ணி. உள்ளே வைத்துக்கொண்டு வெளியே சிரிக்க எனக்குத் தெரியாது. அந்த வியாழக்கிழமையே ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் கேட்கிற பெண், வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கன்னடத்தில் கேட்டாள். எங்க அக்கா நர்ஸ், அவங்கதான் எல்லாம் என்றார் உங்கள் தம்பி. பக்கத்தில் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் யாராம்? ஆட்டோவில் வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். நீங்கள் தினமும் பேசிய மாதம் அல்புமின் ஏறியிருந்தது. போன மாதம் உங்களுக்கு நைட் டியூட்டி, பகலெல்லாம் தூக்கம், பேசவில்லை. இறங்கிவிட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் சமைத்துப் போட்டவளுக்கு அவர் ரத்தமே இப்படிப் பதில் சொன்னால் நான் எங்கே போய் அழுவது?

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் மேலதிகாரியிடம் கெஞ்சியாவது டியூட்டியை மாற்றிக்கொள்ளுங்கள். காலை, மதியம், சாயந்திரம், மூன்று வேளையும் கூப்பிடுங்கள். தம்ளர் காலியாகும்வரை வைத்துவிடாதீர்கள். போனை அவர் எதிரில் சாய்த்து வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். நீங்கள் என்னைக் கேட்டால் குளிக்கிறாள் என்று அவர் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த பிறகு, நீங்கள் பேசாத ஒரு நாளில், என் கையால் ஒரே ஒரு தம்ளர் முழுசாகக் குடித்தால் எனக்குப் போதும்.

அதுவரை உங்கள் குரலுக்கு ஒரு குறையும் வராமல் மாதா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கொர்னேலியஸின் மனைவி
ஜூலி