இடதுகைப் பூச்சு

என் இடதுகைக் கொத்தனாருக்கு, ஆசை அப்பாவுக்கு,

நாளை காலை குடவாசல் பத்திர ஆபீசில் கிரயம். எந்த வீடு தெரியுமா? சொன்னால் எழுந்தே வந்துவிடுவீர்கள். பண்ணையார் வீடு! அவருடைய மகன் சென்னையோடு போய்விட்டார், விற்கிறார். கையெழுத்துக்கு முன் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்க்க இன்று போனோம்.

உங்கள் மருமகன் குழாயைத் திறந்தார், சுவிட்சைத் தட்டினார், கரையான் இருக்கிறதா என்று கதவு நிலையைக் குடைந்தார். நான் தேடியது வேறு. நெல் அறையில் இரட்டைச் சுவர் இருக்கிறதா? இருந்தால் அது உங்கள் கைவேலையா? ஆமாம் என்றால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "உனக்குக் கிறுக்குதான்" என்றார்.

பின்னே என்னப்பா? நம் தெரு கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த வருஷம், கூலியாக அளக்க நெல்லே இல்லை என்று பண்ணையார் கையை விரித்தார். ஒளித்துவைத்துச் சுவர் எழுப்பிவிட்டார் என்று பேச்சு. அந்த வாரம் நீங்கள் பூச்சுக் கரணையோடு அவர் வீட்டுக்குள் போனதை யாரோ பார்த்துவிட்டார்கள். "நான் கட்டல" என்பதற்குமேல் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவே உங்களோடு பேச்சை நிறுத்தியது. உங்கள் பாடையைத் தூக்கவும் அத்தை ஊரிலிருந்துதான் ஆள் வந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

வெளியே சுவரோரம் அடிவைத்து அளந்தேன், பதினெட்டு. உள்ளே பதினான்கு. இரட்டைச் சுவர்தான். உள்சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைகூடக் காணாத சொரசொரப்பான பூச்சு, கரணை இழுத்த தடம் அப்படியே இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் உங்கள் தடம் எந்தப் பக்கம் வளையும் என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இது நேர் எதிராக வளைந்திருந்தது. வலதுகைக்காரர் வேலை!

நான் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டு பண்ணையார் மகன் மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா மொதல்ல உங்கப்பாவத்தாங்க கூப்ட்டாங்க. மாட்டேன்னுட்டாராம். வெளியூர் ஆள வச்சுக் கட்டுனாங்க. வெளில சொன்னா மனைய விட்டு எழுப்பிடுவேன்னு உங்கப்பாவ மெரட்டுனாங்களாம். கடைசி காலத்துல எங்கப்பாவே எங்கிட்ட சொன்னாங்க."

அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நெல் இருக்கும் இடம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏன்ப்பா? நம் குடிசை நின்ற மனை அப்போது அவருடையது, அரசாங்கம் நமக்குப் பட்டா கொடுத்தது பிறகுதான். அம்மா வயிற்றில் நான் எட்டு மாதம். அதற்காகவா? பட்டா வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே. சொல்லாமல் இருந்ததற்கு நீங்களே உங்களுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டீர்களா? உங்கள்மேல் கோபமும் வருகிறது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றுகிறது.

நாளை கையெழுத்துப் போடுகிறேன். பால் காய்ச்சும் அன்று கொத்தனாருக்கு முறையாக வைத்துக்கொடுக்கும் வேட்டி துண்டை உங்கள் படத்தின் முன் வைப்பேன். தெரு மொத்தத்தையும் அழைப்பேன். டார்ச்சை அவர்கள் கையிலேயே கொடுத்து அந்தத் தடத்தைப் பார்க்கச் சொல்வேன். கட்டியது நீங்கள் இல்லை என்பதைச் சொல்வேன், உங்களுக்குத் தெரியும் என்பதையும் மறைக்கமாட்டேன். பிறகு அந்தச் சுவரை இடிப்போம். முதல் அடி என்னுடையது. எனக்கும் இடது கைதானே அப்பா.

அன்று அம்மா வயிற்றில் இருந்த
உங்கள் மகள்,
செல்வி