உடையாத கேப்

ஜூன் 3, செவ்வாய். திருப்பதி.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையிலேயே கரண்ட் கட். நான் வேலை செய்யும் பல் லேபில் ஃபர்னஸ் பாதியில் நின்று, உள்ளே வெந்துகொண்டிருந்த பல் கேப் எல்லாம் வீண்.

மதியம் தங்கை சலோமியின் புருஷன் ஐசக் பங்காருபாளையத்திலிருந்து வந்தான். மாங்காய் சீசனில் மண்டியை விட்டுவிட்டு. முன்பல் கேப் உடைந்திருக்கிறது, போன வருஷம் நான் செய்த பீங்கான். கறி எலும்பு கடித்தானாம். என் வேலை மட்டமாம். "உடையவே உடையாததா ஒண்ணு செஞ்சி குடுங்கக்கா."

எலும்பு கடித்தால் நுனி பெயரும். இது முன்பக்கம் அடி வாங்கி விரிசல் விட்டது. உதடும் வீக்கம். எவனோ போட்டிருக்கிறான். சந்தோஷம்.

சாயங்காலம் சலோமிக்கு போன். யார் அடித்தது என்றேன்.

"நான்தான்கா. கயுத்த நெரிச்சிக்கினு இருந்தான். பூரிக்கட்டை கைக்கு ஆப்டுச்சி."

கல்யாணம் ஆனதிலிருந்தே அடியாம். சித்தூர் சர்ச் ஐயரிடம் சொன்னாளாம். ஜெபம் பண்ணித் திருப்பி அனுப்பினாராம். என்னிடம் சொன்னால் நான் அவனைக் கொன்றுவிடுவேனாம். சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 4, புதன்.

ஐசக்குக்கு இந்த முறை ஜிர்கோனியா கேப், பீங்கானைவிடக் கெட்டி. அடித்தாலும் லேசில் உடையாது. கேப் தாங்கினால் அடி கீழே இறங்கும், உள்ளே இருக்கும் சொந்தப் பல் முறியும். அவனிடம் சொல்லவில்லை. அவன் மூஞ்சி என்று நினைத்தே தேய்த்தேன்.

வாங்க: புளி, சோப்பு, சலோமிக்கு நைட்டி.

ஜூன் 5, வியாழன்.

டாக்டர் கேப்பை ஒட்டினார். ஐசக் கண்ணாடி பார்த்து இளித்தான். அடுத்த முறை அவள் ஓங்கிப் போடட்டும் என்று நினைத்தேன்.

பஸ்ஸில்தான் உறைத்தது. அவள் அடிப்பதற்கு முன் அவன் கை அவள் கழுத்தில் இருக்கும். சீ. நானெல்லாம் ஒரு அக்கா.

ஜூன் 7, சனி.

லீவு. புளிசாதம் கட்டி, டிபன் கேரியரோடு பங்காருபாளையம். நேற்று போனில் சொன்னபடி சலோமி பையோடு தயார். வாசலில் மறித்தான். தமிழில் சொன்னேன், தெலுங்கில் திட்டினேன். அவள் முடியைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

கேரியரால் வாயிலேயே போட்டேன். மூன்றடுக்கு எவர்சில்வர். ரத்தம். மாங்காய்க் கூடைமேல் சரிந்தான், விரலில் அவள் முடி. கேப் தரையில், உள்ளே முறிந்த பல்லோடு. எடுத்துக்கொண்டேன். போலீஸ் வந்தால் வரட்டும்.

சித்தூர் பஸ். வருத்தம் துளியும் இல்லை. சலோமி நசுங்கிய அடுக்கைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "கேப் உடஞ்சிச்சாக்கா?"

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.